கொழுகொழு கன்னம்

அண்ணி வருகிறாள் என்று போன் வந்ததுமே, அவள் தன் குழந்தையின் போர்வையைக் கழுத்து வரை இழுத்து மூடினாள்.

"ஏன் மூடற? பார்த்துட்டுப் போகட்டுமே," என்றாள் மாமியார்.

"அண்ணியோட குழந்தை ஏழாம் மாசமே பொறந்து, ரெண்டு மாசமா ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. இவனைப் பார்த்தா அவங்களுக்கு எப்படி இருக்கும் அத்தை?"

கூடப் பிறந்த அக்கா மாதிரி பழகிய அண்ணி, இந்தக் குண்டுப் பயலால் விலகிப் போய்விடக் கூடாதே என்று அவளுக்குப் பயம்.

அண்ணி நல்ல சேதியோடுதான் வந்தாள்.

"நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு சொல்லிட்டாங்க!"

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

பயல் சும்மா இருப்பானா? விட்டான் ஒரு உதை. போர்வை கீழே விழுந்தது.

அண்ணியின் சிரிப்பு பட்டென்று நின்றது. குழந்தையைத் தூக்கவில்லை. கன்னத்தைப் பார்த்தாள், தொடையைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பார்த்தியா? வயித்தெரிச்சல்! மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு," என்று மாமியார் அவள் காதைக் கடித்துவிட்டு, காபி போட உள்ளே போனாள்.

அவள் குனிந்து போர்வையை எடுத்தாள். பயந்தது நடந்தே விட்டது.

அண்ணி மெதுவாகக் கிட்டே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதேம்மா... குழந்தைக்கு ஏன் உடம்பெல்லாம் இப்படி வீங்கியிருக்கு? டாக்டர் என்ன சொல்றார்?"

"வீக்கமா? ஐயோ அண்ணி, அது சதை! பால் குடிச்சுக் குடிச்சுக் கொழுத்துப் போய்க் கிடக்கான்."

"அத்தனையும் சதையா?"

அண்ணி தொடையை ஒற்றை விரலால் அமுக்கிப் பார்த்தாள். பயல் பொக்கை வாயைத் திறந்து கொட்டாவி விட்டான்.

"அப்பாடா! எனக்கு உயிரே போயிடுச்சு. அந்த வார்டுல எல்லாமே ஒரு கைக்குள்ள அடங்கிடும். எலும்பும் நரம்புமா அதுங்களையே பார்த்துப் பார்த்து, குழந்தைன்னா அப்படித்தான்னு கண்ணு பழகிப்போச்சு."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணியும் சேர்ந்துகொண்டாள். சத்தம் கேட்டு மாமியார் டம்ளரோடு எட்டிப் பார்த்தாள்.

"சரி அண்ணி, என் மருமகளைக் காட்டுங்க. போட்டோ எடுத்துட்டு வரலையா?" என்றாள் அவள்.

"போன் நிறைய அவதான்." அண்ணி வெட்கத்தோடு கைப்பையைத் திறந்தாள். "வந்ததும் காட்டணும்னுதான் இருந்தேன். இவனைப் பார்த்ததும் மனசு வரலை. என் பொண்ணோட அழகைப் பார்த்து நீ ஏங்கிப் போயிடக் கூடாதேன்னுதான்!"