வேறு யாராவது போடுவார்கள்

"புதுசா யாரையும் சேர்க்கக் கூடாதுன்னு உத்தரவு சார். பட்ஜெட் நிறைவேறி அரசாங்கத்தைத் திறந்தாத்தான் பேரையே எழுத முடியும்."

காலையிலிருந்து இதையே சொல்லிச் சொல்லி நர்ஸ் லொரெய்னுக்கு அலுத்துவிட்டது. பட்ஜெட் நிறைவேறாததால் அமெரிக்க அரசாங்க அலுவலகங்கள் மூடிக் கிடந்தன. வாஷிங்டனை ஒட்டியிருந்த அந்த அரசாங்க ஆராய்ச்சி மருத்துவமனையில், ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் இப்போது வைத்தியம்.

எதிரே நின்றவர் ஹோல்கம்ப். அவர் மனைவியும் பத்து வயது மகள் டெஸ்ஸாவும் காலையிலேயே வந்து சோபாவில் காத்திருந்தார்கள். இவர் இப்போதுதான் வேலையிலிருந்து அரக்கப்பரக்க ஓடி வந்திருந்தார்.

"இன்னைக்கு நிறைவேறிடும் சிஸ்டர். ஓட்டெடுப்பு முடியப்போகுது. டெஸ்ஸாவுக்கு ஒரு படுக்கையை மட்டும் பிடிச்சு வைங்க."

"ரெண்டு வாரமா டிவியில இதைத்தான் சொல்றாங்க. எனக்கு என்ன பட்டம் கொடுத்திருக்காங்க தெரியுமா? அத்தியாவசிய ஊழியர். அப்படின்னா வேலை உண்டு, சம்பளம் கிடையாது."

அவர் சிரிக்கவில்லை. "திங்கட்கிழமைக்குள்ள மருந்தை ஆரம்பிக்கணும். இல்லேன்னா கட்டி நுரையீரலுக்குப் பரவிடும், அப்புறம் இந்த மருந்தும் கேட்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

லொரெய்னுக்கும் அது தெரியும். முடி கொட்டிய தலையில் கம்பளித் தொப்பியோடு டெஸ்ஸா இவளைப் பார்த்துச் சிரித்தபோதெல்லாம் இவள் கண்ணைக் கோப்புக்குத் திருப்பிக்கொண்டாள்.

"எப்படி சார் இவ்வளவு உறுதியா சொல்றீங்க? சபையில பாதிப் பேர் எதிர்த்துல்ல பேசுறாங்க?"

"அதெல்லாம் ஊருக்காக. ஆதரிச்சா அடுத்த தேர்தல்ல சொந்தக் கட்சிக்காரனே சீட்டைப் பறிச்சிடுவான். அதனால 'வேண்டாம்'னு பட்டனை அழுத்திட்டு, எப்படியாவது ஜெயிச்சிடட்டும்னு உள்ளுக்குள்ள வேண்டிக்குவாங்க. தலையை எண்ணியாச்சு சிஸ்டர். தேவைக்கு மேலயே ஆள் இருக்கு."

"சரி, பார்ப்போம்" என்று லொரெய்ன் சுவரிலிருந்த டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.

பட்ஜெட் மசோதா தோற்றுவிட்டது. ஒரே ஒரு ஓட்டில். சபையை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்துவிட்டு உறுப்பினர்கள் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

சோபாவில் அம்மா மகளுக்குக் கோட்டை மாட்டிவிட்டுப் பொத்தான்களைப் போட ஆரம்பித்தாள். கணவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லொரெய்னுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அழுகையும் வந்தது.

"ஒரே ஒரு ஓட்டு சார். ஒரே ஒரு ஆள் மாத்தி அழுத்தியிருந்தா போதும். அவன் மட்டும் என் கையில கிடைச்சா, இழுத்துட்டு வந்து இந்தப் பொண்ணு முன்னாடி நிறுத்துவேன். இவ முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தா அப்படி அழுத்தியிருப்பானா?"

ஹோல்கம்ப் கவுண்டரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பார்த்துட்டுத்தான் போய் அழுத்தினேன் சிஸ்டர். காலையில எனக்கு டை கட்டிவிட்டதே அவதான்."