நூல் இறங்க வேண்டும்

விவசாய ஆபீசர் புகையிலைத் தண்டைக் குறுக்கே வெட்டினார். கண்ணாடி டம்ளரில் இருந்த தண்ணீருக்குள் அதன் நுனி மட்டும் படுகிற மாதிரி பிடித்துக்கொண்டார்.

இரண்டு நிமிடம் ஆகும் என்றார்.

மோட்டார் அறையில் கிடந்த பழைய மேஜையைச் சுற்றி நான்கு பேர் நின்றோம். ஆபீசர், அவரை வண்டியில் கூட்டி வந்த நிலத்துக்காரர், என் வீட்டுக்காரர், நான்.

வெட்டிய இடத்திலிருந்து வெள்ளையாக நூல் மாதிரி இறங்கினால் வாடல் நோய். மண்ணிலேயே கிருமி இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றும் இறங்காமல் தண்ணீர் தெளிவாகவே இருந்தால் மண் சுத்தம்.

நூல் இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஆமாம், இறங்க வேண்டும் என்றுதான்.

நிலத்துக்காரர் போன மாதமே வந்து சொல்லிவிட்டார். மண் சுத்தமாகியிருந்தால் அறுவடையோடு நிலத்தை எடுத்துக்கொள்வாராம். அவருடைய மருமகன் புகையிலை போடப் போகிறாராம். நோய் இருந்தால் மருமகனுக்கு வேண்டாம், நாங்களே இருந்துகொள்ளலாம். இந்த இரண்டு அறை வீடும் எங்களிடமே இருக்கும். ஏதோ பெரிய உபகாரம் பண்ணுகிற முகத்தோடு இதைச் சொன்னார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் வந்தபோது இந்த நிலத்தைச் சும்மா கொடுத்தாலும் யாரும் தொட மாட்டார்கள். புகையிலை முழங்கால் உயரம் வருவதற்குள் ஒரு பக்க இலை தொங்கும். மறுநாள் மறுபக்கம். அப்புறம் மொத்தமும் வெந்த கீரை மாதிரி சுருண்டுவிடும். முன்னால் குத்தகைக்கு இருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனான்.

என் வீட்டுக்காரர் ஓடவில்லை. அந்த மனுஷனுக்கு ஓடத் தெரிந்திருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

நாலு வருஷம் மக்காச்சோளம் மட்டும்தான். பழைய வேர்க்கட்டை ஒவ்வொன்றையும் தோண்டி எடுத்து, வயலுக்கு வெளியே கொண்டுபோய்க் கொளுத்தினார். தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டினார். வெளியாள் மண்வெட்டி ஒன்று உள்ளே வந்துவிடக் கூடாது, மருந்துத் தண்ணீரில் கழுவி எடுத்தால்தான் விடுவார். நான் செருப்போடு இறங்கிவிட்டால் அதற்கு ஒரு நாள் முழுக்கப் பாட்டு. கட்டிய பெண்டாட்டிக்குக் காய்ச்சல் வந்தபோது இந்தக் கவனிப்பு இல்லை.

இந்த வருஷம்தான் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு மூலையில் கொஞ்சம் புகையிலை நட்டார். ஒரு இலைகூட வாடவில்லை. பூரித்துப்போனார். நிலத்துக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போன பிறகும் அந்தப் பூரிப்பு குறையவில்லை. செத்த நிலத்தை எழுப்பினவன் என்ற பேர் போதுமாம். பேரை விரித்துப் படுக்க முடியுமா? இந்த வயதில் மூட்டை முடிச்சை எங்கே கொண்டுபோய் இறக்குவது?

“அருமையா வேலை செஞ்சிருக்கப்பா, அதனாலதான் மருமகனுக்கே ஆசை வந்துடுச்சு” என்று நிலத்துக்காரர் என் வீட்டுக்காரர் தோளைத் தட்டினார்.

என்ன நாக்கு அது! அழுகிப் போகாதா?

ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் வயலில் இறங்கியதும் நேராக மூன்றாவது வரிசைக்குத்தான் போனார். அங்கே ஒரு செடி ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் பிடுங்கிக்கொண்டு வந்தார். தண்ணீர் பற்றாமல் வாடியிருக்கும் என்று நிலத்துக்காரர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். என் வீட்டுக்காரர் வரப்பைப் பார்த்தபடி பின்னால் நடந்தார்.

நூல் இறங்கியது.

முதலில் ஒன்று, மயிரிழை மாதிரி. பிறகு இரண்டு, மூன்று. கொஞ்ச நேரத்தில் டம்ளரின் அடிப்பக்கம் கலங்கி வெளுத்துவிட்டது.

ஆபீசர் உதட்டைப் பிதுக்கினார். இந்த மண்ணில் இன்னும் பல வருஷத்துக்குப் புகையிலையை நினைக்கவே கூடாது என்றார். நிலத்துக்காரருக்கு முகம் சுண்டிப்போனது. இருந்துகொள்ளுங்கள் என்றுதான் சொன்னார், தொலைந்து போங்கள் என்கிற குரலில். ஆபீசரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சிரிப்பு வந்துவிடப் போகிறதே என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் டம்ளரைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? கெட்ட மண் கெட்ட மண்தான், நீங்கள் என்ன பாடுபட்டு என்ன பிரயோஜனம், விட்டுத் தொலையுங்கள் என்றேன்.

வண்டிச் சத்தம் முழுசாக ஓய்ந்தது.

“மூணாவது வரிசையில நான் நட்டது நாப்பது. நேத்து எண்ணுனேன், நாப்பத்தொண்ணு இருந்துச்சு” என்றார்.

அந்த நாற்பத்தொன்றாவது செடி நான் நட்டது. அக்கா வீட்டு வயலில் வாடல் நோய் விழுந்திருந்தது. அங்கிருந்து ஒரு சாண் உயரச் செடியை வேரோடு எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து பதினைந்து நாள் ஆகிறது. எல்லாம் ஒரே உயரம், ஒரே பச்சை. ஒன்று கூடினால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

நேற்றே அவர் அதைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை.

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என் கையைப் பிடித்து வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். செடி பிடுங்கிய குழிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று விரலை நீட்டிக் காட்டினார். இரண்டுக்கும் ஒரு பக்க இலை தொங்க ஆரம்பித்திருந்தது.

அவை இரண்டும் அவர் நட்டவை.