காற்றை அளக்கும் நாளில் மிளகாய்த்தூள்

வெள்ளவத்தை மாடிவீட்டின் உச்சியில், ஜெனீவாவிலிருந்து ஒரு சர்வதேச நிறுவனம் தந்த பெட்டி, இன்னொரு நிறுவனம் தந்த வடிதாளில் கொழும்புக் காற்றின் தூசியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மாலைவரை பக்கத்தில் புகை கூடாது. ஆனால் யுத்தம் மிச்சம் வைத்த ஒரே மகளுக்கு நேசமலர் மிளகாய்த்தூள் அனுப்பவேண்டும். லண்டனுக்குக் கொண்டுபோகிறவர் கீழே காத்திருக்கிறார். மிளகாயை வறுத்து அரைத்து வாங்கிவரத் தன் தங்கை வீட்டுக்குப் போன கணவர் தில்லைநாதன், பெட்டிக்குப் பொறுப்பானவர், இருமிக்கொண்டே படியேறி வருகிறார். கண்கள் சிவந்து வழிகின்றன.

"நீங்களோ வறுத்தனீங்கள்?"

"ஓம், தங்கச்சி எங்கயோ வெளியில போயிட்டாள். இஞ்ச வறுத்திருந்தா, எண்பத்துமூண்டு மாதிரிக் கொழும்பு திரும்பவும் எரியுதெண்டு ஜெனீவாவில எழுதியிருப்பாங்களப்பா."

அவள் சிரித்துக்கொண்டே, சூடு ஆறாத பொதியைப் பிரித்து முகர்ந்து பார்க்கிறாள். தூள் நன்றாகவே கருகியிருக்கிறது.

"நல்ல வாசம்" என்று சொல்லிவிட்டு, பொதியின்மேல் மகளின் பெயரை எழுதுகிறாள்.