வாடையில்லாத மணிகள்

ஊசிமுனையிலிருந்து மீனெண்ணெய் கலந்த கடற்பாசிக் கூழ் சொட்டுச் சொட்டாகக் கால்சியக் கரைசலில் விழுகிறது. விழுந்ததுமே ஒவ்வொரு சொட்டும் தோல் கட்டி, வெந்த மீனின் கண்போல வெளுத்த மணியாக உருள்கிறது. குழந்தைகளின் பால்மாவுக்குப் போகிற சத்து கெடாமலிருக்க இந்த உறையாம். திறந்து கிடக்கும் எண்ணெய்ப் பீப்பாயின் சிக்கு வாடை முகக்கவசத்தைத் தாண்டி ஆய்வகப் பெண்ணின் தொண்டையில் ஒட்டுகிறது. "எண்ணெய் கெட்டுப்போச்சு சார், கொமட்டுது." மேலாளர் ஒரு மணியை எடுத்து முகர்கிறார். "பாரு, வாடையே இல்ல. உள்ள இருக்குறது யாருக்குத் தெரியப்போகுது?" "அப்ப நீங்களே கடிச்சுப் பாருங்க." அவர் இளிக்கிறார், விரலிடுக்கில் மணி பிதுங்கி உடைகிறது. குழாய்க்கு ஓடுகிறார். மூன்று முறை சோப்புப் போட்டும் கையிலிருந்து வாடை போகாமல், நான்காவது முறை நுரைத்தபடியே கத்துகிறார்: "மெஷினை நிறுத்திடாத, ஓடட்டும்."