இடுப்புக்குக் கீழே மட்டும்

"டாக்டரம்மா, அவரை முழுசா மயக்கிப்புடுங்க. கேன்சருங்கிற சொல்லு அவரு காதுல விழவே கூடாது!"

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மயக்க மருந்து டாக்டர் மதிவதனியின் கையைப் பிடித்துக்கொண்டாள் காத்தாயி.

"சிறுநீர்ப்பையில கல்லுன்னு சொல்லி வச்சிருக்கேன். நெசம் தெரிஞ்சா அன்னிக்கே ஒடிஞ்சு போயிடுவாரு."

திருக்காட்டுப்பள்ளியில் காத்தாயி புருஷனைத் திட்ட வாயைத் திறந்தால், வயலில் நிற்கும் கொக்கெல்லாம் கொள்ளிடம் தாண்டிப் போய்த்தான் இறங்கும் என்பார்கள். அந்தக் குரல் இப்போது அடைத்த மடையில் கசியும் தண்ணீராய் வந்தது.

"அவரையும் ஒரு வார்த்தை கேட்டுடுறேம்மா" என்று உள்ளே போனாள் மதிவதனி.

காத்தாயியின் புருஷன் தங்கையன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"முழு மயக்கமா? முதுகு தெறந்த இந்தப் பச்சை அங்கியோடயே பஸ் ஏறிடுவேன், ஆமா! இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப்போனா போதும்."

"ஏன் ஐயா, பயமா?"

"மயக்கம் தெளியுறப்ப உளறுவாங்களாமே! எங்க ஊரு காதர் மைதீன் பாய், மாமியா வீட்டுக் கோழியைத் திருடித் தின்னதை வார்டே கேக்குற மாதிரி கத்திட்டாரும்மா. காத்தாயி பக்கத்துலயே உக்காந்திருப்பா. நான் உளறலாமா?"

"அப்படி என்ன ரகசியம்?"

"அதிராம்பட்டினத்துல எனக்கு நாலு குடும்பம்!" கண்ணடித்தார் தங்கையன்.

நர்ஸ் அம்சம் சிரித்தாள். மதிவதனியும் சிரித்தபடி வெளியே வந்தாள்.

"முழிச்சிருந்தா காதுல விழுமே!" என்று தவித்தாள் காத்தாயி.

"ஹெட்போன் மாட்டி நாதஸ்வரம் போட்டுடுறேம்மா. இடி விழுந்தாலும் கேக்காது."

முதுகில் ஊசி போட்டதும் கால்கள் மரத்தன. காதுகளில் ஹெட்போன் ஏறியது.

கொஞ்ச நேரத்தில், மானிட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த சர்ஜன் பெருமூச்சு விட்டார்.

"கேன்சர் ஆழமாப் போயிடுச்சு, மதி."

சட்டென்று குனிந்து தங்கையனைப் பார்த்தாள் மதிவதனி. ஹெட்போன் அவர் கழுத்தில் கிடந்தது.

"ஐயா, அது... உங்களைப் பத்தி இல்ல..."

"பதறாதம்மா. கல்லு இல்லேன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. போன மாசம் மடையைத் தப்பா வெட்டி, எங்க குறுவைக்கு வந்த தண்ணியைப் பக்கத்து வயலுக்கு விட்டுட்டேன். காத்தாயி வந்து பாத்தா. 'போவட்டும், சாப்பிட வாங்க'ன்னா. கட்டுன நாளா திட்டுறவ திட்டலேன்னா, நான் பொழைக்க மாட்டேன்னுதானே அர்த்தம்?"

ஹெட்போனைத் தானே எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

"மயக்கத்துல 'எனக்குத் தெரியும்'னு உளறிட்டேன்னா, இவ்வளவு நாளு அவ அழுகையை அடக்கினதெல்லாம் வீணாப் போயிடும்மா."