நீள ஸ்க்ரூ

"பொண்ணுதான் வீட்டுலயே ஸ்கோப்பை மாட்டிட்டா. சொன்னாக் கேக்கமாட்டா," என்று அப்பா கூசாமல் சொன்னதும், துப்பாக்கி பழுதுபார்க்கும் செபஸ்தியான் நிமிர்ந்து சுகிர்தாவைப் பார்த்தார். நேற்று அவள் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கி, குறிபார்க்கும் அந்த ஸ்கோப்பைத் தானே மாட்டியவர் அப்பா. ஸ்க்ரூ நீளம் என்று அவள் சொன்னதற்கு, "மில்லுல ஸ்பேனர் புடிச்ச கை இது, எனக்கே சொல்றியா?" என்று இன்னும் இறுக்கியவரும் அவர்தான். துப்பாக்கியின் உடற்பகுதியான ரிசீவரின் மரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கிய ஸ்க்ரூ, தோட்டா ஏற்றும் போல்ட்டை முட்டி நிறுத்திவிட்டது.

"நீயாம்மா மாட்டுனே?"

நாளை மறுநாள் மாநிலத் துப்பாக்கிச் சுடும் போட்டி. லைசென்ஸ் அப்பா பெயரில் இருந்தது. போட்டிக்குக் கூட்டிப்போக வேண்டியவரும் அவர்தான்.

"ஆமாங்க," என்றாள்.

செபஸ்தியான் ஸ்க்ரூவைக் கழற்றி, மரையைப் புதிதாக வெட்டி, நீளம் குறைந்த வேறொன்றைப் போட்டு, போல்ட் தடையில்லாமல் ஓடுகிறதா என்று இழுத்துப் பார்த்தார். பிறகு முனை மழுங்கிய அந்த ஸ்க்ரூவை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இதைப் பத்திரமா வச்சுக்கம்மா. நமக்குத் தெரியலைன்னா தெரிஞ்சவங்களக் கேக்கணும். அதுல ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல."

"நல்லாக் கேட்டுக்க," என்றார் அப்பா.