கடையில் கூட்டம்

“உன் பொம்மைக் கடை வெப்சைட்டை முடக்கிட்டாங்கடா,” என்றான் போனில் நண்பன். “வெப்சைட்டுக்கு இலவசமா இடம் தர்ற ஹோஸ்டிங் இவ்வளவு கூட்டம் தாங்காது.”

“கூட்டமா? ஒரு பொம்மைகூட விக்கலையே! எவனோ வயித்தெரிச்சல்ல பண்றான்.”

“யார்னு பார்த்துட்டேன். எல்லாமே உன் வீட்டு வைஃபைலேருந்துதான் வந்திருக்கு.”

திகைத்துப்போய்க் கூடத்துக்கு வந்தான். ஆபீஸ் வேலையை விட்டதிலிருந்து அவனோடு பேசாத அப்பா, செல்போனில் திறக்காத அவன் கடைப் பக்கத்தை விரலால் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

அவனைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. “கடையை மூடிட்டியாடா?”

“நீங்க ஏம்ப்பா...?”

“ஈ ஓட்டற கடைக்கு எவன் வருவான்? நாலு பேர் வந்த மாதிரி இருக்கட்டும்னு நானே போய்ப் போய் வந்தேன்.”

அவர் அருகில் உட்கார்ந்தான். “மூடலப்பா. கூட்டம் தாங்கல.”